அம்பத்தூர் வட்டாரத்தில் சூழலுக்கேற்ற வீட்டமைப்பு

சூழலுக்கேற்ற வீட்டமைப்பு என்பது ஒரு மனையின் வெயில், காற்று, மழை, மண், நீரோட்டம், மரம் ஆகியவற்றை முதலில் அறிந்துகொண்டு, அதன் பிறகே அறைகளையும் சுவர்களையும் கூரையையும் முடிவு செய்யும் கட்டட முறையாகும். அழகுக்கலை இதழ்களில் இச்சொல்லைக் கண்டால் மலைச்சரிவில் கண்ணாடிச் சுவருடன் நிற்கும் பெரிய மாளிகையே நினைவுக்கு வரும். சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் அத்தகைய மனைகள் இல்லை. இங்கு ஒரு குடும்பம் வாங்குவது பெரும்பாலும் அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி. வசதியுள்ளவர்கள் 2,400 சதுர அடி கொண்ட ஒரு முழு கிரவுண்டு. இரண்டு பக்கமும் பின்புறமும் வேறு வீடுகள் இருக்கும். ஆனாலும் இயற்கை இங்கும் உண்டு. தொடராக அமைந்த ஏரிகள், களிமண், பிற்பகலில் தாமதித்து வரும் கடற்காற்று, மேற்கு வெயில், ஐப்பசி கார்த்திகை அடைமழை ஆகியவை இவ்வட்டார வீடுகள் ஈடுகொடுக்க வேண்டிய சூழல் ஆகும். இவற்றுள் நீரே முதன்மையானது. அம்பத்தூரில் ஒரு வீடு சூழலுக்கு ஏற்றதா என்பதை அதன் முகப்பைவிட, மழைநீர் அதன் வழியாக எங்கே போகிறது என்பதே தீர்மானிக்கிறது.

ஏரிக்கரையின் கீழ் வளர்ந்த ஊர்

அம்பத்தூர் கடற்கரையிலிருந்து மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவிலும், ஆவடி ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவிலும் உள்ளன. நிலம் மிகச் சிறிய சரிவுடன் கிழக்கு நோக்கி இறங்குகிறது. இச்சரிவைப் பயன்படுத்தியே முன்னோர் ஏரிகளை ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தனர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் மிகுநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்லும். ஆவடியின் பருத்திப்பட்டு ஏரியின் மிகுநீர் கூவம் ஆற்றை அடையும். வடக்கே புழல் ஏரியும் தெற்கே செம்பரம்பாக்கம் ஏரியும் நகரின் குடிநீருக்கு உரியவை.

ஒவ்வொரு ஏரிக்கும் நான்கு உறுப்புகள் உண்டு. நீரைத் தேக்கும் கரை, பாசனத்துக்குத் திறக்கும் மதகு, மிகுநீர் வழிந்து வெளியேறும் கலங்கல், வயல்களுக்கும் அடுத்த ஏரிக்கும் நீரைக் கொண்டு செல்லும் கால்வாய் என்பன அவை. கரைக்குக் கீழே நீர் பாயும் வயல்பரப்பு ஆயக்கட்டு எனப்படும். மக்கள் குடியிருந்த நத்தம் பெரும்பாலும் மேட்டில்தான் இருந்தது. வயலுக்கு நீர் வேண்டும், வீட்டுக்கு வேண்டாம் என்னும் எளிய கணக்கு அது.

1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் இங்கு தொடங்கப்பட்டது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டியிருந்தது. நெல் விளைந்த நிலம் மனைகளாகப் பிரிக்கப்பட்டது. 2011-இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சியுடன் இணைந்தது; 2019-இல் ஆவடி தனி மாநகராட்சியானது. ஏரிகளின் கீழிருந்த ஆயக்கட்டில் பெரும்பகுதி இன்று தெருக்களாகவும் நகர்களாகவும் மாறிவிட்டது. மேட்டில் இருந்த நத்தத்தைவிட்டு வீடுகள் வயலுக்குள் இறங்கிய இந்த மாற்றமே இவ்வட்டாரத்தின் பெரும்பாலான கட்டடச் சிக்கல்களுக்கு மூலகாரணம் ஆகும். நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 2015 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் கொரட்டூரின் பல தெருக்கள் மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் நீரில் நின்றன.

பேஸ்மட்டம்

வீட்டின் தரை, தெரு மட்டத்திலிருந்து எவ்வளவு உயரத்தில் அமைகிறது என்பதைக் கொத்தனார்கள் பேஸ்மட்டம் என்பர். அம்பத்தூரில் வீடு கட்டும் எவரும் முதலில் கேட்கும் கேள்வி இதுவே. 1980-களில் தெருவைவிட இரண்டடி உயரத்தில் கட்டப்பட்ட பல வீடுகள் இன்று தெருவைவிடத் தாழ்ந்துள்ளன. வீடு இறங்கவில்லை, தெரு ஏறிவிட்டது. பழைய சாலையின் மேலேயே புதிய தார் அல்லது சிமென்ட் தளம் மீண்டும் மீண்டும் போடப்பட்டதால் விளைந்த நிலை இது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்னரே புதுச்சாலை போட வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-இல் உள்ளாட்சிகளுக்கு அறிவுறுத்தியது. அதற்கு முன் உயர்ந்த தெருக்கள் உயர்ந்தபடியே இருக்கின்றன.

இதற்கு மக்கள் கண்டுள்ள தீர்வுகள் மூன்று. முதலாவது, பழைய வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது. சுவர்களின் அடியில் சிறிது சிறிதாகத் தோண்டி, வரிசையாக ஜாக்கிகளைப் பொருத்தி, எல்லாவற்றையும் ஒரே அளவில் திருகி, வீட்டை மூன்று நான்கு அடி உயர்த்துகின்றனர். இடைவெளியில் செங்கல் கட்டி நிரப்புகின்றனர். வீட்டார் சிலர் மாடியில் குடியிருக்கும்போதே கீழே இவ்வேலை நடப்பதும் உண்டு. சுவர்களும் அடித்தளமும் உறுதியாக உள்ளனவா என்பதைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் இதில் இறங்குவது கூடாது.

இரண்டாவது, புதிய மனையை மண்ணடித்து உயர்த்துவது. மிகப் பரவலான முறை இதுவே. மிகுந்த கேடு விளைவிப்பதும் இதுவே. ஒரு மனை உயர்ந்தால் அதில் தேங்க வேண்டிய நீர் பக்கத்து மனைக்குப் போகிறது. அவரும் உயர்த்துகிறார். கடைசியில் தெருவில் மிகப் பழைய வீடே, பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஒருவர் தம் சேமிப்பில் கட்டிய வீடே, குட்டையாகிறது. மனை முழுவதையும் உயர்த்தாமல் கட்டடம் நிற்கும் பகுதியை மட்டும் உயர்த்தி, சுற்றியுள்ள திறந்தவெளியைத் தெருமட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாகவே விட்டால் இச்சிக்கல் வெகுவாகக் குறையும். அந்தத் தாழ்வான இடம் சிறுமழையில் நீரை உறிஞ்சும். பெருமழையில் சிறிது நேரம் தேக்கி வைக்கும்.

மூன்றாவது, தரைத்தளத்தைத் தூண்களின்மேல் திறந்துவிட்டு முதல் மாடியில் குடியிருப்பது. அடுக்குமாடிகளில் வண்டி நிறுத்த அமைக்கப்படும் ஸ்டில்ட் தளம் இதற்கு எடுத்துக்காட்டு. வெள்ளம் வந்தால் தூண்களுக்கிடையே புகுந்து வெளியேறும். ஆனால் பிற்காலத்தில் வாடகைக்காக அங்கே சுவர் எழுப்பி அறை கட்டிவிடும் வழக்கம் உள்ளது. அதன்பின் அமைப்பின் பயனே போய்விடும். முதியோர் உள்ள வீடுகளில் படியேறுவதும் ஒரு பெரிய தடை. அங்கு இம்முறையைப் பரிந்துரைக்கும்முன் யோசிக்க வேண்டும்.

எந்த முறையில் கட்டினாலும் சில சிறு ஏற்பாடுகள் பெரிய செலவைத் தவிர்க்கும். மின்மீட்டர் பெட்டியையும் தரைத்தளப் பிளக்குகளையும் உயரத்தில் பொருத்தலாம். கீழ்நிலைத் தொட்டியான சம்பின் வாயைத் தரையோடு தரையாக விடாமல் ஒன்றரை அடி கட்டி உயர்த்தலாம். வெள்ளத்தில் முதலில் கெடுவது குடிநீரே. கழிவுநீர்க் குழாயில் எதிரோட்டத்தைத் தடுக்கும் வால்வு பொருத்தினால் தெருவிலுள்ள சாக்கடை நீர் கழிவறை வழியே வீட்டுக்குள் எழும்பாது. தரைத்தள அறைகளில் மர அலமாரிகளுக்குப் பதில் கடப்பைக்கல் அடுக்குகள் ஏற்றவை.

மண்ணும் அடித்தளமும்

ஆயக்கட்டு நிலங்களில் களிமண் மிகுதி. களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வெடிக்கும். இந்த ஏற்ற இறக்கத்தில் ஆழமற்ற அடித்தளம் அசைந்து, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வான விரிசல்கள் தோன்றும். இத்தகைய மண்ணில் அடிப்பக்கம் குமிழ்போல் விரிந்த காங்கிரீட் தூண்களை ஆழமாக இறக்கி, அவற்றின் தலைகளை விட்டங்களால் இணைத்து, அதன்மேல் சுவர் எழுப்புவது சென்னையில் நெடுங்காலமாக உள்ள முறை. ஒரே தெருவிலேயே ஒரு மனையில் மணலும் அடுத்ததில் களியும் இருக்கக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டுக்குப் போட்ட அடித்தளத்தையே தமக்கும் போடச் சொல்வதைவிட மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. மொத்தச் செலவில் இதற்காகும் தொகை மிகச் சிறியது.

வெயிலும் கடற்காற்றும்

சென்னை 13 பாகை வட அட்சக்கோட்டில் உள்ளது. ஏப்ரல் 25-ஆம் நாள் அளவில் நண்பகல் கதிரவன் நேர் உச்சிக்கு வருகிறது. அதன்பின் ஆகஸ்டு 18 அளவில் மீண்டும் உச்சிக்குத் திரும்பும்வரை நண்பகல் வெயில் சற்று வடக்கிலிருந்தே விழும். வெயில் எப்போதும் தெற்கிலிருந்து வரும் என்று எண்ணி வடபுறச் சன்னல்களுக்கு நிழல்தட்டு அமைக்காமல் விடுவது இதனால் தவறாகிறது.

வடக்கு, தெற்குச் சுவர்களில் வெயில் செங்குத்தாக இறங்குவதால் இரண்டடி சன்ஷேடு போதும். கிழக்கும் மேற்கும் அப்படியல்ல. மே மாதம் பிற்பகல் 4 மணியளவில் கதிரவன் அடிவானத்திலிருந்து 32 பாகை உயரத்தில்தான் இருக்கும். அப்போது மேற்குச் சுவரிலுள்ள இரண்டடி சன்ஷேடு ஏறத்தாழ ஒன்றேகால் அடிக்கே நிழல் தரும். நான்கடிச் சன்னலின் மீதிப்பகுதி வழியே வெயில் நேராக அறைக்குள் வந்துவிடும். எனவே மேற்குப் பக்கத்தில் செங்குத்துத் தடுப்புகள், துளைச் செங்கல் திரை, மூங்கில் தட்டி, மரம் ஆகியவையே உதவும். இவற்றைவிட எளிய வழி, படிக்கட்டு, குளியலறை, பொருள்வைப்பறை, அலமாரிச் சுவர் ஆகியவற்றை மேற்கில் தள்ளிவிடுவதாகும். மாலை வெப்பத்தை அவை வாங்கிக்கொள்ளும். மக்கள் இருக்கும் அறைக்கு அது வராது.

இங்கே வாஸ்து ஒரு கேள்வியை எழுப்புகிறது. வழக்கில் உள்ள வாஸ்துவின்படி குடும்பத் தலைவரின் படுக்கையறை கன்னி மூலையான தென்மேற்கிலும், சமையலறை அக்கினி மூலையான தென்கிழக்கிலும் அமைய வேண்டும். அம்பத்தூரில் மாலையில் மிகச் சூடாக இருக்கும் மூலை தென்மேற்கு. கோடையில் கடற்காற்று வரும் திசை தென்கிழக்கு. அதாவது தூங்கும் அறை சூட்டிலும், அடுப்பின் வெப்பமும் தாளிப்பின் மணமும் காற்றோடு வீட்டுக்குள்ளும் அமைகின்றன. நம்பிக்கையை விட்டுவிடச் சொல்லாமலே இதற்கு வழி காணலாம். தென்மேற்கு அறையின் மேற்குச் சுவரில் சன்னல் வைக்காமல் முழுநீள அலமாரி அமைத்து, தெற்கில் சன்னல் வைக்கலாம். சமையலறையைத் தென்கிழக்கிலேயே வைத்து, அடுப்புக்கு மேல் புகைபோக்கியை வெளியே திருப்பி, காற்று புக அதையொட்டித் தனியாக ஒரு நீண்ட சன்னலையோ நடையையோ விடலாம். வீடு கட்டியவர்கள் பலர் இவ்விரண்டையும் குடிவந்த முதல் கோடைக்குப் பிறகே செய்கின்றனர்.

கடற்காற்றைப் பொறுத்தவரை அம்பத்தூரும் பெசன்ட் நகரும் ஒன்றல்ல. கரையோரத்தில் முற்பகல் இறுதியிலோ நண்பகலிலோ தொடங்கும் கடற்காற்று, உட்பகுதிக்கு வர மேலும் நேரமாகும். மே இறுதியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வறண்ட காற்று வலுவாக வீசும் நாட்களில் அது மிகவும் தாமதிக்கும். சில நாட்கள் வராமலே போகும். சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 பாகை செல்சியசு பதிவானதும் இப்பருவத்தில்தான். ஆகையால் கடலோர வீட்டின் இலக்கணமான நாள் முழுதும் திறந்த பெரிய சன்னல்கள் இங்குப் பொருந்தா. முற்பகலிலிருந்து காற்று திரும்பும்வரை சன்னல்களை மூடி வெளிவெப்பத்தைத் தடுத்து, மாலையில் கிழக்கு, தெற்குச் சன்னல்களைத் திறந்து, இரவு முழுதும் காற்றோட விடுவதே இவ்வட்டாரத்துக்கு ஏற்ற பழக்கம். இதற்குச் சன்னல்களில் கண்ணாடியோடு மரக்கதவும் இருந்தால் மிக நன்று. பழைய வீடுகளில் அவை இருந்தன.

காற்று உள்ளே வர ஒரு வழி இருந்தால் போதாது. வெளியேறவும் வழி வேண்டும். இருபுறமும் வீடுகள் நெருங்கிய அரை கிரவுண்டு மனையில் அந்த வழி பெரும்பாலும் மேலேதான் கிடைக்கும். மொட்டை மாடிக்குச் செல்லும் படிக்கட்டின் தலையறையில் நான்கு பக்கமும் காற்றுத் துளைகள் விட்டால், சூடான காற்று படிக்கட்டு வழியே மேலெழுந்து வெளியேறும். கீழ்ச் சன்னல்கள் வழியே குளிர்ந்த காற்று நுழையும். பழைய வீட்டின் முற்றம் செய்த வேலையை இன்று படிக்கட்டு செய்கிறது எனலாம். முற்றமே வேண்டும் என்று விரும்பிச் சிறு மனையில் நான்கடிக்கு ஆறடி திறப்பு விட்டு, பிறகு மழைக்கும் திருட்டுக்கும் அஞ்சிப் பாலிகார்பனேட் தகடு போட்டு மூடியவர்கள் உண்டு. மூடிய முற்றம் அடுப்பாகிவிடும். மூடத்தான் வேண்டுமென்றால் தகட்டுக்கும் சுவருக்கும் இடையே ஓரடியாவது நான்கு புறமும் திறந்திருக்க வேண்டும்.

காற்றோட்டத்தைப் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாத ஒன்று கொசு. கால்வாயும் கூவமும் அருகிலிருக்கும் தெருக்களில் மாலை ஆறு மணிக்குச் சன்னலைத் திறந்து வைப்பது நடவாத செயல். கொசுவலை அடித்தால் காற்று குறையும். ஆகவே வலை அடிக்கப்போகும் சன்னல்களைத் தொடக்கத்திலேயே அகலமாகத் திட்டமிட வேண்டும்.

மழையும் திசை பார்த்தே வருகிறது. வடகிழக்குப் பருவமழையின் சாரல் வடக்கு, கிழக்குச் சுவர்களை நனைக்கும். சூன் முதல் செப்டம்பர்வரை மாலையில் வரும் இடிமழை பெரும்பாலும் மேற்கிலிருந்து வீச்சுடன் வரும். சுவரில் ஓதம் ஏறும் வீடுகளில் எந்தச் சுவர் என்று பார்த்தாலே எந்த மழை என்று சொல்லிவிடலாம்.

மொட்டை மாடி

ஒற்றைத்தள வீட்டில் வெப்பம் மிகுதியாக நுழைவது கூரை வழியே. ஐந்தங்குலக் காங்கிரீட் தளம் பகலெல்லாம் வெப்பத்தை வாங்கி, இரவில் கீழே விடுகிறது. இரவு பத்து மணிக்கு மின்விசிறி வெந்நீர்க்காற்றை வீசுவது இதனால்தான். காங்கிரீட்டுக்கு முன்பிருந்த மெட்ராஸ் டெரஸ் என்னும் தளம், தேக்குக் கட்டைகளின்மேல் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்து, தட்டோடு பதித்து அமைக்கப்பட்டது. காங்கிரீட் தளத்தின்மேல் இன்றும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புப் படுகையும் தட்டோடும் இடுவது அதன் எச்சமே. மழைநீரை வழியச் செய்வதோடு வெப்பத்தையும் அது தடுக்கிறது. செலவைக் குறைக்க முதலில் கைவிடப்படுவது இப்படுகைதான் என்பது வருந்தத்தக்கது.

வெண்ணிறப் பரப்பு வெயிலைத் திருப்பி அனுப்பும். வெள்ளை ஓடு, உடைந்த பீங்கான் சில்லுகளைப் பதித்த தளம், வெப்பம் தடுக்கும் வெள்ளைப்பூச்சு ஆகியவை கடைகளில் கிடைக்கின்றன. பங்குனி மாதம் தோறும் மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது இவை எல்லாவற்றிலும் மலிவானது. மழை அதைக் கழுவிவிடும் என்பதே குறை. அரசுப் பள்ளிகளின் கூரைகளுக்கு வெள்ளைப்பூச்சு இடும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசும் மேற்கொண்டு வருகிறது.

நிழல் இன்னும் சிறந்தது. தளத்துக்கும் நிழல்தரும் பொருளுக்கும் இடையே காற்றோடும் இடைவெளி இருக்க வேண்டும். கதிரவ மின்தகடுகள் இவ்வேலையை மின்சாரத்தோடு சேர்த்துச் செய்கின்றன. மாடித் தோட்டமும் செய்யும். ஆனால் தொட்டிகளை நேரடியாகத் தளத்தில் வைத்தால் ஈரம் இறங்கும் என்பதால் கால்வைத்த தாங்கிகளில் வைக்க வேண்டும். மொட்டை மாடி முழுதும் தகரக் கூரை போடுவது இப்போது பரவிவருகிறது. நிழலுக்கு நல்லதுதான். ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வீசியதைப் பார்த்தவர்கள், தகரத்தைத் தாங்கும் கம்பிகள் தளத்தில் எவ்வாறு பொருத்தப்பட்டுள்ளன என்பதை முதலில் கேட்பார்கள்.

பிற இடங்களின் பாடங்கள்

சூழலோடு இயைந்த கட்டடக்கலையில் தமிழர் வாழும் நிலங்களும் அண்டைப் பகுதிகளும் வளமான மரபு கொண்டவை. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி 1930-களின் பிற்பகுதியில் தொடங்கி 1940-களில் முடிக்கப்பட்டது. அன்டோனின் ரேமண்ட் வடிவமைக்க, ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து பணியாற்றினார். அதன் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் நோக்கியவை. சன்னல்களுக்குப் பதிலாகச் சுவர் முழுதும் திருப்பக்கூடிய கிடைப்பலகைகள் உள்ளன. கூரைத் தளத்தின்மேல் வளைந்த காங்கிரீட் ஓடுகள் இடைவெளிவிட்டுப் பொருத்தப்பட்டுள்ளன. குளிரூட்டி இல்லாமலே வாழத்தக்க காங்கிரீட் கட்டடம் இக்கடற்கரையில் எண்பது ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டுவிட்டது.

கொழும்பில் கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) தமக்கென அமைத்த வீடு அம்பத்தூர்வாசிகளுக்கு இன்னும் நெருக்கமானது. நெரிசலான சந்து ஒன்றில் வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளை 1958 முதல் ஒவ்வொன்றாக வாங்கி இணைத்தார். வெளியே காட்சி எதுவும் இல்லாததால், உள்ளேயே சிறு முற்றங்களையும் ஒளிக்கிணறுகளையும் உண்டாக்கினார். மனை சிறிது என்பது சூழலை மறக்கக் காரணம் ஆகாது என்பதற்கு அவ்வீடு சான்று.

கேரளத்தில் பணியாற்றிய லாரி பேக்கர் (1917–2007) செலவைக் குறைத்தே வெப்பத்தையும் குறைத்தவர். செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டுமானம், செங்கல் செலவை ஏறத்தாழ கால்பங்கு மிச்சப்படுத்தும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கும். தளத்தின் அடிப்பகுதியில் காங்கிரீட்டுக்கு வேலையில்லாத இடங்களில் மங்களூர் ஓடுகளைப் பதிக்கும் ஃபில்லர் ஸ்லாப் முறையையும் அவர் பரப்பினார். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிலும் அவர் பங்கு உண்டு. இம்முறைகளை அம்பத்தூருக்குக் கொண்டுவரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூசாத செங்கல் சுவர், கேரளத்தின் நீண்ட தாழ்வாரக் கூரைக்குக் கீழே நனையாமல் நிற்கிறது. தாழ்வாரம் இல்லாத சென்னைத் தளவீட்டில் அதே சுவர் கார்த்திகை மழையில் நனைந்து பாசி பிடிக்கும். ஆரோவில் மண் கட்டடக் கழகம் பரப்பிவரும் அழுத்திய மண்கற்களும் அவ்வாறே. களி மிகுந்த ஆயக்கட்டு மண் சுருங்கி வெடிப்பதால் நேரடியாக உதவாது. மணல் கலந்தாக வேண்டும். சாம்பல் செங்கற்களோ இவ்வட்டாரத்தில் எளிதில் கிடைக்கின்றன.

மழைநீர்

சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்கிறது. 1,000 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு ஏறத்தாழ 930 லிட்டர் நீர் விழும். ஆண்டுக்கு 1,30,000 லிட்டர். சிந்தியும் ஆவியாகியும் போனது போகக் குறைந்தது ஒரு லட்சம் லிட்டர் எனக் கொள்ளலாம். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வீதம் நான்கு பேர் குடும்பத்துக்கு இது ஆறு மாதத் தேவை. 2019 கோடையில் புழல் ஏரி வறண்டு, தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையில் குடங்கள் வரிசையில் நின்ற நாட்களை நினைத்தால் இக்கணக்கின் மதிப்பு விளங்கும்.

எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்பு அமைப்பு கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது. அதற்காகப் பல வீடுகளில் அமைக்கப்பட்டவை மூன்றடி ஆழக் குழிகளே. மணற்பாங்கான இடத்தில் அவை பயன்படும். களிமண்ணில் அவை கொசு வளரும் தொட்டிகள். களிப்படுகையைத் துளைத்து அடியிலுள்ள மணற்படுகையை எட்டும்வரை உறைகளை இறக்கிக் கிணறு அமைத்தால்தான் நீர் நிலத்தில் இறங்கும். பழைய உறைக்கிணறு இருக்கும் வீடு நற்பேறு பெற்றது. மாடிக்குழாயை வடிகட்டி வழியே அதில் விட்டால் போதும். கிணற்றைத் தூர்த்துக் கழிவுத்தொட்டியாக்கியவர்கள் பின்னர் ஆழ்துளைக் கிணற்றுக்குச் செலவிடுகின்றனர்.

ஏரியை ஒட்டிய தெருக்களில் இன்னொரு நிலையும் உண்டு. அடைமழைக் காலத்தில் நிலத்தடி நீர் இரண்டு மூன்று அடியிலேயே நிற்கும். அப்போது நிலத்தில் மேலும் நீரை இறக்க இயலாது. அங்கு மாடிநீரை மணல், கூழாங்கல் வடிகட்டி வழியே நேராகச் சம்பில் சேர்த்துப் பயன்படுத்துவதே தக்கது. கோடைக்குப் பின் வரும் முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் இருக்கும் என்பதால் அதை வெளியே விட்டுவிட ஒரு திருகு குழாய் வைக்க வேண்டும்.

வீட்டைச் சுற்றியுள்ள திறந்தவெளி முழுவதையும் பேவர் பிளாக்கால் மூடும் வழக்கம் இவை எல்லாவற்றையும் வீணாக்குகிறது. வண்டி ஏறும் தடத்துக்கு மட்டும் கல் பாவி, மீதியை மண்ணாக விட்டால் நீர் இறங்கும். சேறு, பூச்சி என்று அஞ்சுவோர் கூழாங்கல் பரப்பலாம்.

மரங்கள்

மேற்கு எல்லையில் ஒரு மரம் நின்றால் அது பல சன்ஷேடுகளுக்குச் சமம். புங்கை இவ்வட்டாரத்துக்கு மிக ஏற்றது. கோடை தொடங்கும்போது இலையுதிர்த்து உடனே தளிர்த்து, வெயில் கடுமையாகும் நாட்களில் அடர்ந்த நிழல் தரும். மகிழம் மெதுவாக வளர்ந்தாலும் உறுதியானது. வேம்பு பெரிதாகும் என்பதால் முழு கிரவுண்டு மனைக்கே பொருந்தும். குல்மோகர், தூங்குமூஞ்சி போன்ற மரங்கள் புயலில் எளிதில் சாய்வதை வர்தாவுக்கு மறுநாள் நகரம் முழுதும் கண்டது. முருங்கை வீட்டுக்கு வேண்டியதே. கிளை முறியும் என்பதால் சன்னலுக்கும் மின்கம்பிக்கும் தள்ளி நட வேண்டும். பாத்திரம் கழுவும் நீர் போகும் இடத்தில் வாழை வைப்பது நம் வீடுகளின் பழைய வழக்கம். அதைவிடச் சிறந்த கழிவுநீர் ஏற்பாட்டை இன்றைய சிறுவீட்டுக்குச் சொல்வது கடினம்.

களிமண்ணில் பெரிய மரத்தைச் சுவரை ஒட்டி நடக்கூடாது. வேர்கள் கோடையில் ஈரத்தை உறிஞ்ச, மண் மேலும் சுருங்கி அடித்தளம் அசையும்.

மனை வாங்குமுன்

அம்பத்தூரில் பெரும்பாலான வீடுகளை வடிவமைப்பது கட்டடக்கலைஞர் அல்லர். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசிக் கட்டித்தரும் ஒப்பந்ததாரரும் மேஸ்திரியுமே. ஒப்புதலுக்குக் கொடுக்கும் வரைபடம் 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு உட்பட்டதா என்பதோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிடும். சன்னல் எங்கே, படிக்கட்டு எந்தப் பக்கம், மழைநீர் எவ்வழி என்பவற்றைக் கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே வீட்டுக்காரர் பேசி வைத்தால் கூடுதல் செலவு ஏதும் இல்லை. கூரை போட்ட பின் பேசினால் ஒவ்வொன்றும் செலவுதான்.

மனையைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதி வேலை முடிகிறது. கிராம நிர்வாகப் பதிவேடான அ-பதிவேட்டில் அந்நிலமும் அண்டை நிலங்களும் நஞ்சையா, புஞ்சையா, வாய்க்கால் அல்லது ஏரிப் புறம்போக்கா என்று குறிக்கப்பட்டிருக்கும். புல வரைபடத்தில் பழைய வாய்க்கால் எந்த எல்லை வழியே சென்றது என்பது கோடாகத் தெரியும். இவ்விரண்டையும் தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் எவரும் பார்க்கலாம். தரகர்கள் மனையைக் காட்ட விரும்புவது மாசி, பங்குனி மாதங்களில். கார்த்திகையில் இரண்டு நாள் தொடர் மழைக்கு மறுநாள் காலையில் சென்று, எதிர்வீட்டுச் சுற்றுச்சுவரில் எவ்வளவு உயரத்தில் ஈரக்கறை நிற்கிறது என்று பார்த்து, அந்தத் தெருவில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருப்பவரிடம் 2015-இல் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேட்டுக்கொள்வது, பத்திரத்தில் இல்லாத விவரங்களைத் தரும். பேஸ்மட்டத்தை அந்தப் படிக்கு மேல் ஓரடி கூட்டி முடிவு செய்யலாம்.